பழைய கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு: டப்பாவில் '4 ஜிபி'ன்னு இருந்தா போதுமா?

போன மார்கழிக் கடைசியில் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு ஒரத்தநாட்டிலிருந்து தம்பி போன் பண்ணினான். சித்தப்பா மகன். ஊரில் சின்னதாக ஒரு ரூம் வாடகைக்கு எடுத்து கல்யாண வீடியோ எடிட்டிங்கும் ஆல்பம் டிசைனிங்கும் பண்ணிக்கொண்டிருக்கிறான்.

"அக்கா, கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சுக்கா. ஸ்கிரீன்ல கோடு கோடா வந்துச்சு, அப்புறம் ஒண்ணுமே வரல. தை பொறந்தா ஆறு கல்யாணம் கையில இருக்கு. எட்டாயிரத்துக்குள்ள ஏதாவது கார்டு சொல்லேன்."

"காலையில பார்த்துட்டு சொல்றேன்டா"ன்னு சொல்லிட்டுத் தூங்கிவிட்டேன். அங்கதான் தப்பு. காலையில் நான் எழுந்து காபி குடிப்பதற்குள் அவன் பஸ் ஏறி தஞ்சாவூர் போய், ஒரு கடையில் கார்டு வாங்கியே விட்டான். 4,800 ரூபாய். டப்பாவோட போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தது. கூடவே ஒரு வாய்ஸ் நோட். "பழைய கார்டு 2 ஜிபிதான்க்கா. இது 4 ஜிபி. டபுளு!"

போட்டோவில் இருந்தது ஜிடி 730. செத்துப்போன பழைய கார்டு ஜிடிஎக்ஸ் 750 டிஐ. விஷயம் தெரிந்தவர்கள் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பார்கள். தெரியாதவர்களுக்கு ஒரே வரியில் சொன்னால், புதுசாக வாங்கியது செத்துப்போனதைவிட மெதுவான கார்டு.

ஏரி பெருசு, மதகு சிறுசு

ஜிடிஎக்ஸ் 750 டிஐ 2014 பிப்ரவரியில் வந்தது. ஜிடி 730 அதே வருஷம் ஜூனில் வந்தது. ஆக, 'புதுசு'ன்னு சீல் பிரிக்காமல் கொடுத்த கார்டும் பன்னிரண்டு வருஷத்துச் சரக்குதான். டப்பா மட்டும்தான் புதுசு.

அந்த 4 ஜிபி எண்ணிக்கை எப்படி ஏமாற்றுகிறது? டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க கஷ்டமே இல்லை. ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது ஒன்று. மதகு வழியாக வயலுக்கு எவ்வளவு வேகமாகப் பாயும் என்பது வேறொன்று. டப்பாவில் போட்டிருக்கும் ஜிபி ஏரியின் கொள்ளளவு. மெமரியிலிருந்து சிப்புக்கு ஒரு விநாடியில் எவ்வளவு டேட்டா போகும் என்பதுதான் மதகு. 750 டிஐ கார்டில் அது விநாடிக்கு 86 ஜிபி. தம்பி வாங்கிய டிடிஆர்3 மெமரி போட்ட ஜிடி 730-ல் வெறும் 14 ஜிபி சொச்சம். கணக்குப் போடும் கோர்களும் 640-லிருந்து 384 ஆகக் குறைந்துவிட்டது. இந்தச் சிறிய மதகுக்குப் பின்னால் 4 ஜிபி ஏரி இருந்து என்ன பண்ணுவது? அந்தக் கார்டால் அதை நிரப்பிப் பயன்படுத்தவே முடியாது.

இதில் இன்னொரு கூத்து, ஜிடி 730 என்ற ஒரே பெயரில் மூன்று விதமான கார்டு வந்தது. ஒன்றில் அதற்கும் முந்தைய தலைமுறை சிப், 96 கோர்தான். ஒன்றில் 384 கோர், மெமரி டிடிஆர்3. இன்னொன்றில் 384 கோர், மெமரி ஜிடிடிஆர்5. மூன்றாவது கொஞ்சம் பரவாயில்லை ரகம். டப்பாவின் முன்பக்கத்தில் எல்லாமே 'ஜிடி 730'தான். இதே விளையாட்டு ஜிடி 1030-லும் உண்டு. 2017-ல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்த கார்டு, 2018-ல் அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடும் வந்தது. மதகு 48-லிருந்து 17 ஜிபிக்குச் சுருங்கியது. அதனால் கடையில் 'எத்தனை ஜிபி?'ன்னு கேட்பதற்கு முன்னால் 'ஜிடிடிஆரா, வெறும் டிடிஆரா?'ன்னு கேளுங்கள். இந்த ஒரு கேள்வி போதும், கடைக்காரர் உங்களிடம் பேசும் தோரணையே மாறும்.

கேம் ஆடுகிறவர்கள் ஏன் ஜிடி 730 பக்கம் போகிறார்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. வேலரன்ட் 2020-ல் வந்தபோது, 60 ஃபிரேமுக்கு ஜிடி 730, 144 ஃபிரேமுக்கு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று ரயட் நிறுவனமே ஒரு பட்டியல் கொடுத்தது. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு இன்றைக்கும் கடை ஏறுகிறார்கள். அது ஒரு கேமுக்கு, அந்த வருஷத்துக்கு எழுதினது. என்விடியா இந்தத் தலைமுறை சிப்புகளுக்குப் புது டிரைவர் கொடுப்பதை 2021-லேயே நிறுத்திவிட்டது. பாதுகாப்பு அப்டேட்டும் 2024 செப்டம்பரோடு முடிந்தது. புது பிரீமியர் வெர்ஷன் போடலாம் என்று நினைத்தால், அது கேட்கும் டிரைவர் இந்தக் கார்டுக்கு இல்லை.

"அப்ப திருப்பிக் கொடுத்துடவாக்கா?"

"கேட்டுப் பாரு."

கேட்டான். சீல் பிரித்ததைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம்.

பழசு நிஜமாகவே செத்துப்போச்சா?

பதறி ஓடுவதற்கு முன்னால் அவன் செய்திருக்க வேண்டியது வேறு. அவனுடையது 2015-ல் வாங்கின கம்ப்யூட்டர். ஐ5 4460 பிராசஸர், எச்81 மதர்போர்டு, 8 ஜிபி ரேம். 2018 கஜா புயலில் ஊரே வாரக்கணக்கில் கரன்ட் இல்லாமல் கிடந்தபோது, தார்ப்பாயில் சுற்றி பரண் மேல் ஏற்றிக் காப்பாற்றினது. அந்த பிராசஸரிலேயே இன்டெல் எச்டி 4600 என்ற கிராபிக்ஸ் உள்ளே இருக்கிறது. செத்த கார்டைக் கழற்றிவிட்டு, மானிட்டர் கேபிளை மதர்போர்டின் பின்பக்கத்துப் போர்ட்டில் செருகினால் படம் வந்துவிடும்.

வந்தது. அன்றைக்கு மத்தியானமே வேலை ஆரம்பித்துவிட்டான். போட்டோஷாப் ஆல்பம் வேலைக்கு அது போதும். வீடியோவை எக்ஸ்போர்ட் பண்ணவும் அதற்குள்ளேயே குயிக் சிங்க் என்ற என்கோடர் இருக்கிறது. எஃபெக்ட் ஏற்றினால்தான் திணறும். ஆனாலும் பத்துப் பதினைந்து நாள் நிதானமாக யோசித்து வாங்க இது அவகாசம் கொடுத்தது. (எல்லா பிராசஸருக்கும் இந்த வசதி கிடையாது. இன்டெல்லில் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் இருக்காது. ஏஎம்டியின் பழைய எஃப்எக்ஸ் ரகத்திலும் இல்லை.)

இன்னொன்று, கார்டு செத்துப்போனது போல நடிக்கவும் செய்யும். நம்ம ஊரில் அறுவடை நேரத்தில் வீட்டுக்குள் என்னவெல்லாம் வரும் என்று சொல்லவே வேண்டாம். ரோட்டில் நெல் காய்கிறது, பக்கத்து வயலில் மெஷின் ஓடுகிறது. அந்தச் சுணையும் வைக்கோல் தூசியும் ஃபேன் வழியாக உள்ளே போய், ஹீட்சிங்க் இடுக்கில் மெத்தை மாதிரி படிந்துவிடும். காற்றோட்டம் நின்றால் சூடு ஏறும், சூடு ஏறினால் கோடு விழும், ஆஃப் ஆகும். அறுத்த வயலிலிருந்து இடம்பெயர்ந்து வரும் எலி கேபினெட்டுக்குள் குடும்பம் நடத்தினதையும் நான் பார்த்திருக்கிறேன். அது வேறு கதை.

கார்டைக் கழற்றி, ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடியுங்கள். தங்க நிறக் காலை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள். பத்து வருஷமான கார்டில் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருக்கும், அதை மாற்றுங்கள். திரும்ப மாட்டிப் பார்த்து, அதற்கப்புறமும் கோடு வந்தால் சரி, முடிந்தது. தம்பி கார்டு நிஜமாகவே முடிந்துபோயிருந்தது.

கேபினெட்டைத் திறக்காம கடைக்குப் போகாதீங்க

எந்தக் கார்டு நல்ல கார்டு என்ற கேள்விக்கு யூடியூபில் ஆயிரம் பதில் கிடைக்கும். உங்கள் பழைய டப்பாவுக்குள் எது ஓடும் என்பதற்கான பதில் அந்த டப்பாவுக்குள்தான் இருக்கிறது.

முதலில் எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ் மேல் '450 வாட்'ன்னு பெரிதாகப் போட்டிருக்கும். அதை அப்படியே நம்ப வேண்டாம். அதே ஸ்டிக்கரில் +12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட். பிராசஸரும் கார்டும் பெரும்பாலும் இதிலிருந்துதான் சாப்பிடும். தம்பியின் பிராசஸர் உச்சத்தில் 84 வாட். ஒரு 75 வாட் கார்டு சேர்த்தால் 159. போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்தால் 200-ஐத் தொடும். அதாவது 75 வாட் கார்டே எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது.

75 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். மதர்போர்டு ஸ்லாட் வழியாக ஒரு கார்டு இழுக்கக்கூடிய அதிகபட்சம் அவ்வளவுதான். அதற்குமேல் வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனியாக 6 பின் அல்லது 8 பின் கேபிள் வரவேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ்களில் பெரும்பாலும் அது இருக்காது. "கன்வெர்ட்டர் போட்டுக்கலாம் சார்" என்று பழைய மோலெக்ஸ் வயரிலிருந்து 8 பின் எடுத்துத் தருவார்கள். மெல்லிசு வயரில் அஞ்சு எச்பி மோட்டார் ஓட்டுகிற மாதிரிதான் அது. வயர் உருகின பிறகுதான் புரியும். சாயங்காலம் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் ஊராக இருந்தால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும்.

அடுத்தது இடம். ஆபீஸ்களிலிருந்து கழித்து விற்கும் ஒல்லியான பிராண்டட் கம்ப்யூட்டரை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தால், அதில் சாதாரண உயரக் கார்டு நுழையவே நுழையாது. 'லோ புரொஃபைல்' ரகம் கேட்டு, பின்பக்கத் தகடும் அந்த உயரத்துக்கு வருகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு, 2011-லிருந்து அரசு கொடுத்த இலவச லேப்டாப் உட்பட, இந்தக் கட்டுரையே பொருந்தாது. அதில் கிராபிக்ஸ் கார்டை மாற்ற முடியாது. எஸ்எஸ்டி, ரேம் மட்டும் பாருங்கள்.

அப்புறம் மானிட்டர். இதை யாருமே யோசிப்பதில்லை. பழைய மானிட்டரில் நீல நிற விஜிஏ போர்ட் மட்டும்தான் இருக்கும். இப்போது வரும் கார்டுகளில் அது கிடையாது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் சின்ன அடாப்டர் ஒன்று வாங்க வேண்டும். சில நூறு ரூபாய்தான். ஆனால் அது இல்லாமல் கார்டை மட்டும் வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினால், மறுபடி ஒரு பஸ் டிக்கெட்.

அப்போ எது?

தம்பியின் கணக்கு இதுதான். 75 வாட்டுக்குள், தனி பவர் கேபிள் இல்லாமல், வீடியோ என்கோடர் உள்ளே இருக்க வேண்டும், டிரைவர் இன்னும் வந்துகொண்டிருக்க வேண்டும். முதலில் எட்டாயிரம், இப்போது வேறு வழியில்லாமல் அதற்குமேல் கொஞ்சம்.

ஜிடி 1030 உடனே போச்சு. 30 வாட்தான், நல்ல பிள்ளை. ஆனால் அதில் என்கோடரே இல்லை. படம் பார்க்க, பில் போட, சின்ன கேமுக்கு ஓகே. எடிட்டிங்குக்கு ஆகாது.

ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400 பார்க்கச் சரியாக இருக்கும். 2022-ல் வந்தது, 53 வாட், 4 ஜிபி. ஆனால் இதிலும் என்கோடர் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், மதர்போர்டோடு பேச இந்தக் கார்டு நாலே நாலு லேன்தான் வைத்திருக்கிறது. புது போர்டில், பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0-வில், அந்த நாலு லேனில் விநாடிக்கு சுமார் 8 ஜிபி போகும். எச்81 போர்டில் இருப்பதோ பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0. அதே நாலு லேனில் 2 ஜிபிதான் போகும். புது கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டும் ரிவ்யூ வீடியோவைப் பார்த்துவிட்டு பழைய கம்ப்யூட்டருக்கு வாங்கினால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம்.

இன்டெல் ஆர்க் ஏ380-ல் 6 ஜிபி மெமரி, அருமையான என்கோடர். வீடியோக்காரர்கள் ஆசைப்படுவார்கள். ஆனால் 'ரீசைசபிள் பார்' என்ற வசதி மதர்போர்டில் இருந்தால்தான் அது முழு வேகத்தில் ஓடும். பத்து வருஷப் பழைய போர்டில் அதை எதிர்பார்க்க முடியாது. ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி வெர்ஷன், 2024-ல் வந்தது, 70 வாட், தனி கேபிள் வேண்டாம். காசு இருந்தால் இதுதான் என் சாய்ஸ். ஆனால் புதுசு பதினைந்தாயிரத்தைத் தாண்டும், தம்பியால் முடியாது.

மிச்சம் இரண்டு. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650. இரண்டுமே 4 ஜிபி, 75 வாட், 16 லேன், என்கோடர் உண்டு. செகண்ட் ஹேண்டில் 1050 டிஐ கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் 2016-ல் வந்த அந்தத் தலைமுறைக்கு 2025 அக்டோபரோடு புது டிரைவர்கள் நின்றுவிட்டன. இனி 2028 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். 1650 அதற்கு அடுத்த தலைமுறை, 2019. இன்னும் டிரைவர் வருகிறது. மதகு 128 ஜிபி, செத்துப்போன 750 டிஐயைவிட ஒன்றரை மடங்கு. சில கம்பெனிகளின் 1650-ல் மட்டும் 6 பின் கேபிள் கேட்கும், அதைத் தவிர்த்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

யாரோ ஆடின கார்டு

புது 1650 பட்ஜெட்டில் அடங்காது என்பதால் பழசுதான். 'செகண்ட் ஹேண்டா? மைனிங் கார்டா இருந்துட்டா?' என்று தம்பி பயந்தான். நியாயமான பயம். கிரிப்டோ கரன்சி மைனிங்குக்காக இரவு பகலாக ஓட்டப்பட்ட கார்டுகள், 2022 செப்டம்பரில் எத்திரியம் அந்த முறையையே கைவிட்டதும் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. அதில் நிறைய ஆர்எக்ஸ் 580 மாதிரி 8 ஜிபி ரகங்கள். 4 ஜிபி கார்டால் எத்திரியம் மைனிங் செய்வது 2020 கடைசியிலேயே முடியாமல் போய்விட்டது. அதனால் 1650-ல் அந்த ஆபத்து ஒப்பிடும்போது குறைவு. ஆர்எக்ஸ் 580 மலிவாகக் கிடைத்தாலும் 185 வாட் கேட்கும். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

மைனிங்கைவிட எனக்குப் பயம் போலி கார்டு. பழைய ஜிடிஎஸ் 450 மாதிரி ஒரு சிப்பில் பயாஸை மாற்றி எழுதி '1050 டிஐ' என்று காட்ட வைத்து விற்கிறார்கள். விண்டோஸும் அதை அப்படியே நம்பிக் காட்டும். கண்டுபிடிக்க ஒரு சுலப வழி, கார்டின் பின்னால் நீல விஜிஏ போர்ட் இருக்கிறதா என்று பார்ப்பது. 1050 டிஐ தலைமுறையிலிருந்தே என்விடியா சிப்பில் விஜிஏ வசதி கிடையாது. போர்ட் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச சாஃப்ட்வேரை பென்டிரைவில் எடுத்துப் போங்கள். போலி என்று தெரிந்தால் பெயருக்கு முன்னாலேயே 'ஃபேக்' என்று அது போட்டுக்காட்டும்.

ஆன்லைனில் போட்டோ பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ, திருச்சியோ, தஞ்சாவூரோ, நேரில் போய், அவர்கள் கம்ப்யூட்டரில் மாட்டச் சொல்லி, பதினைந்து நிமிஷம் ஏதாவது ஒரு கேமோ ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டோ ஓடவிட்டு, ஃபேன் சத்தத்தைக் கேட்டு, ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை.

தம்பி இரண்டு வாரம் தேடினான். தஞ்சாவூரிலேயே கேமிங் கம்ப்யூட்டரை மாற்றிக்கொண்டிருந்த ஒரு காலேஜ் பையனிடம், அவன் வீட்டில் மாட்டி ஓட்டிப் பார்த்து, 6,500 ரூபாய்க்கு 1650 வாங்கினான். எச்81 போர்டின் பயாஸ் பழையதாக இருந்ததால் முதலில் ஸ்கிரீன் கறுப்பாகவே நின்றது. இது பழைய போர்டுகளில் வரக்கூடியதுதான். கார்டைக் கழற்றி, போர்டு கம்பெனியின் கடைசி பயாஸ் அப்டேட்டைப் போட்டதும் வந்துவிட்டது. அப்டேட் போகும்போது கரன்ட் போனால் போர்டே போய்விடும் என்பதால் யுபிஎஸ் பேட்டரி தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செய்யச் சொன்னேன். போனில் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

மொத்தச் செலவு 4,800-ம் 6,500-ம் சேர்த்து 11,300. இதற்கு ஒரு பழைய எட்டாம் தலைமுறை கம்ப்யூட்டரையே பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அவன் போர்டு விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லாதது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. பதிவு செய்தவர்களுக்கு ஒரு வருஷம் மட்டும் பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு. ஆனால் 2025 கடைசியில் ரேம் விலை ஏறின ஏற்றத்தில் புது கம்ப்யூட்டர் என்ற பேச்சையே அவன் எடுக்கவில்லை. கார்டை மட்டும் வாங்கினால், நாளைக்கு கம்ப்யூட்டரை மாற்றினாலும் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம் என்பது அவன் வாதம். 1650 விஷயத்தில் அது சரிதான். ஜிடி 730-க்கு அந்த வாதம் செல்லாது.

தையில் நாலு கல்யாணம், மாசியில் இரண்டு. ஆறும் டெலிவரி ஆகிவிட்டது. ஜிடி 730-ஐ சித்தப்பாவின் உரக்கடை பில்லிங் கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கிறான். அதில் மதர்போர்டின் மானிட்டர் போர்ட் போன மழைக்காலத்து இடியில் போயிருந்தது. யூரியா பில் போட 4 ஜிபி கார்டு. "எங்க கடையிலதான்டா பெரிய கார்டு இருக்கு"ன்னு சித்தப்பா வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காராம்.